பாறணைக்குக் கொண்டுபோன துவக்கு

உற்சாகம் மிஞ்சிவிட்டால் மனிதனுக்கு எதிரே இருப்பவருடைய முகம் தெரிவதில்லை. லக்ஷ்மிநாராயணனுக்கு அன்று நேர்ந்தது அதுதான்.

அவன் கோயம்புத்தூர்க்காரன். சுவிஸ் நாட்டில், சோலோதுர்ன் ஊர்ப் பக்கத்தில் ஓர் இயந்திரக் கருவித் தொழிற்சாலையில் பொறியாளன். வீட்டுக்குள் வரும் பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விடுகிறவன். அப்படிப்பட்டவனுக்குத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் என்ன வேலை என்று அவன் மனைவி உஷா கேட்காத வாரமில்லை. உடன் வேலை செய்பவர்கள் ஒருமுறை வேடிக்கையாக அழைத்துப் போனார்கள். முந்நூறு மீட்டர் தூரத்தில் ஒரு கறுப்பு வட்டம். மூச்சை அடக்கிப் பார்வையை அதில் நிறுத்தினால் மனம் அடங்கிவிடுகிறது, தியானம் மாதிரி இருக்கிறது என்றான். "தியானத்துக்கு எதுக்குங்க தோட்டா?" என்றாள் உஷா. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் போனான்.

இரவல் துப்பாக்கி சலித்துப் போய், சொந்தமாக ஒன்று வாங்க ஆசை வந்தது. கோடை முழுவதும் விலை குறைந்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடமிருந்து பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றை, அனுமதியெல்லாம் முறையாக எடுத்து, வாங்கிவிட்டான். அதன் குறியைச் சரிபார்த்துத் தருவதாகச் சங்கத் தலைவர் சொன்ன சனிக்கிழமையும், இரவீந்திரன் வீட்டுப் பாறணையும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

இரவீந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. அவர் மனைவி கஜலக்சுமி ஆண்டுதோறும் கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர். ஐந்து நாள் பாலும் பழமும். சூரன் போர் அன்று வெறும் தண்ணீர். மறுநாள் காலையில் முருகனுக்குப் படைத்துவிட்டு, நாலு பேரை அழைத்து இலை போட்டு, அவர்களோடு இருந்து விரதத்தை முடிப்பார். அந்தச் சாப்பாடுதான் பாறணை. கோயிலில் பழக்கமான நாளிலிருந்து லக்ஷ்மிநாராயணன் குடும்பத்துக்கு அந்த வீட்டில் இரண்டு இலை எப்போதும் உண்டு.

பழக்கம் என்று சொன்னால் போதாது. உஷாவுக்குக் குழந்தை பிறந்தபோது ஊரிலிருந்து யாராலும் வர முடியவில்லை. கஜலக்சுமி அக்கா மருத்துவமனைச் சலவை வேலையை முடித்துவிட்டு, மிளகும் சீரகமுமாகச் சரக்கு அரைத்த பத்தியக் கறியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவார். அவர்கள் சைவம் என்பதற்காக மீனை விட்டுவிட்டு முருங்கைக்காய் போட்டுச் சமைத்தார். "மீன் போடாத சரக்குக் கறிக்கு மணம் இல்லைதான். ஆனா பிள்ளை பெத்தவளுக்கு மனம் வேணுமெல்லோ" என்று சிரிப்பார்.

அன்று காலை ஆர் நதியிலிருந்து எழுந்த மூடுபனி ஊரை மூடிக்கிடந்தது. லக்ஷ்மிநாராயணன் ஒரு கையில் பழத்தட்டும், தோளில் நீளமான பெட்டியுமாகப் படியேறினான். துப்பாக்கியைக் கவனிப்பாரில்லாமல் வண்டியில் விட்டுப் போகக்கூடாது என்று சங்கத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உஷா வந்தாள்.

"வாங்கோ இஞ்சினியர் தம்பி! இதென்ன, வீணையோ கொண்டு வந்திருக்கிறியள்? பாறணைக்குக் கச்சேரியும் இருக்கோ?" என்றார் இரவீந்திரன்.

"வீணை இல்லண்ணா, துப்பாக்கி. ரைஃபிள். சாப்பிட்டுட்டு நேரா ரேஞ்சுக்குப் போறேன்."

இரவீந்திரனின் சிரிப்பு கொஞ்சம் தயங்கியது. "ஓ... துவக்கோ" என்றார். பிறகு, விருந்தாளியின் முகம் வாடக்கூடாதே என்று, "நல்ல சாமானோ?" என்றும் கேட்டுவைத்தார்.

அந்த உபசார வார்த்தையை லக்ஷ்மிநாராயணன் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டான். பிழை அங்கேதான் தொடங்கியது.

இலை போட்டாயிற்று. கஜலக்சுமி அக்கா ஈரத்தலையை முடிந்து, திருநீறு பூசி, சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வாழைக்காய்ப் பொரியலும் பரிமாறிக்கொண்டிருந்தார். ஆறு நாள் பட்டினியில் கன்னம் ஒட்டியிருந்தாலும் முகத்தில் ஒரு தெளிவு. எல்லோருக்கும் வைத்துவிட்டுத் தன் இலைக்கு முன் அவரும் உட்கார்ந்தார்.

லக்ஷ்மிநாராயணனின் பேச்சு நின்றபாடில்லை.

"குறைஞ்ச விலைல வாங்கணும்னா நிறைய யோசிக்கணும்ணா. ரிவால்வர் இருக்கு பாருங்க, அதுல ஒரு உருளை சுத்தும். ஒவ்வொரு தோட்டாவா குழாய்க்கு நேரா வந்து நிக்கும். எளிமையான விஷயம்தான், ஆனா தூரத்துக்கு ஆகாது. பிஸ்டல் வேற மாதிரி. ஒரு தடவை சுட்டா அந்த உதைப்புலயே மேல் பாகம் பின்னால போய், காலிக் கூட்டைத் தள்ளிட்டு, அடுத்ததைத் தானே ஏத்திக்கும். தானா ஏத்திக்கிற ரைஃபிள்ல பெரும்பாலும் வெடிக்கிற வாயுவே அந்த வேலையைச் செய்யும். உள்ள பாகம் ஜாஸ்தி, அதனால விலையும் ஜாஸ்தி."

"ஏங்க, சாப்பிடுங்க" என்றாள் உஷா.

"ஒரு நிமிஷம். இது பழைய சுவிஸ் ராணுவத்துக் காரபைன், கொஞ்சம் குட்டையான ரைஃபிள். எல்லாம் கையாலதான். ராணுவம் நிறையக் கழிச்சு விட்டதால விலை கம்மி. மத்த ரைஃபிள்ல கைப்பிடியைத் தூக்கணும், இழுக்கணும், தள்ளணும், மடக்கணும். இதுல அந்தத் திருகற வேலையே கிடையாது. நேரா இழு, நேரா தள்ளு, அவ்வளவுதான். எழுபது எண்பது வருஷம் ஆனாலும் ஒரு தடவைகூட ஏமாத்தாது. காட்டறேன், வெறும் துப்பாக்கிதான், தோட்டா தனியா பூட்டி வச்சிருக்கேன்."

சுவரோரம் இருந்த பெட்டியைத் திறந்தான். உள்ளே காலிதான் என்று இருமுறை பார்த்துக்கொண்டான். அந்த மட்டில் அவன் கவனக்காரன். பிறகு கைப்பிடியை இழுத்துத் தள்ளினான்.

சடக், சடக்.

கஜலக்சுமி அக்கா முதல் கவளத்தைப் பிசைந்து கையில் எடுத்திருந்தார். அந்தக் கை இலைக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. கவளம் இலையில் விழுந்தது. அவர் எழுந்து, சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவி, படுக்கையறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

குழந்தை மட்டும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது.

இரவீந்திரன் அவனைப் பல்கனிக்கு அழைத்துப் போனார். பனிக்குள் எதிர்வீட்டு விளக்கு மங்கலாகத் தெரிந்தது.

"தம்பி, நீங்கள் தெரிஞ்சு செய்யேல்லை. அது எனக்கு விளங்குது" என்று மெல்லத் தொடங்கினார். "அவவின்ர அண்ணையை வீட்டு வாசல்ல வச்சுத்தான் கொண்டு போனவங்கள். அப்ப இவவுக்குப் பத்தொன்பது வயது. எல்லாரும் சாப்பிட இருந்தவை. வெளியில நாய் குலைச்சது. பிறகு கதவுக்கு அங்கால இந்தச் சத்தம். அண்ணை கையைக் கழுவிப்போட்டு எழும்பிப் போனவராம். திரும்பி வரேல்லை."

"யாருண்ணா கொண்டு போனது?"

"ஆரெண்டு கேளாதைங்கோ. அந்த நேரம் எல்லாரிட்டையும் துவக்கு இருந்தது."

ஒருதடவைகூட ஏமாத்தாது என்று சற்று முன் தான் சொன்ன வார்த்தை லக்ஷ்மிநாராயணனின் காதுக்குள் திரும்ப ஒலித்தது. அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இருந்தது. அது அவனுக்கே நினைவிருந்தது. எத்தனை வருடமாக இந்த வீட்டில் சாப்பிடுகிறான்! இவர்கள் ஏன் ஊரை விட்டு வந்தார்கள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? செய்தித்தாளில் படித்ததே போதும் என்று இருந்துவிட்டான்.

உள்ளே வந்தபோது உஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "ஆறு நாள் விரதங்க. உங்களுக்கு வேற பேச்சே கிடைக்கலையா?" என்றாள். அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

அவன் படுக்கையறைக் கதவருகே போய் நின்றான்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. எனக்குப் புத்தியில்ல."

"நீங்கள் என்ன பிழை விட்டனியள் தம்பி?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "போய்ச் சாப்பிடுங்கோ. இலையில வச்சதை விட்டிட்டு எழும்பக்கூடாது."

"நீங்க சாப்பிடாம நான் எப்படிக்கா சாப்பிடறது?"

"அது வீட்டுக்குள்ள இருக்கேக்க எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது. வேற ஒண்டுமில்லை" என்றார்.

அவன் பெட்டியை மூடித் தோளில் போட்டுக்கொண்டான். "நான் கிளம்பறேண்ணா. உஷா இருக்கட்டும்" என்றான்.

இரவீந்திரன் வழியை மறித்தார். "பாறணை வீட்டில இருந்து ஆரும் பசியோட வெளிக்கிட்டுப் போகக்கூடாது தம்பி. நீங்கள் போயிட்டீங்களெண்டா அவ இண்டைக்குப் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டா. அவவை எனக்குத் தெரியும்."

பெட்டியோடு உள்ளே இருந்தால் அக்கா சாப்பிட மாட்டார். போய்விட்டாலும் சாப்பிட மாட்டார். சாமானை வண்டியில் விட்டு வரவும் வழியில்லை. லக்ஷ்மிநாராயணன் சிறிது யோசித்தான். "அப்ப நான் கீழ வண்டில இதோட உட்கார்ந்திருக்கேன். போகலைன்னு அக்காகிட்ட சொல்லுங்க. அவங்க முடிச்சதும் எனக்கு ஒரு குரல் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

வண்டிக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. பெட்டி பின்னிருக்கையில் கிடந்தது. இன்று காலை வரை அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தவன், இப்போது கண்ணாடியில் அது தெரியாதபடி நகர்ந்து உட்கார்ந்தான். முருகன் கையிலும் வேல் இருக்கிறதே என்று மனத்தில் ஒரு சமாதானம் எழுந்தது. வேலைக் கண்டு எந்த வீட்டிலும் யாரும் சோற்றை விட்டு எழுந்ததில்லையே என்று உடனே பதிலும் எழுந்தது. அதற்குமேல் அவன் சமாதானம் தேடவில்லை. 'முருகா, அவர் ஒரு வாய் சாப்பிடட்டும்' என்று மட்டும் வேண்டிக்கொண்டான். சங்கத் தலைவருக்கு, இன்று வரவில்லை என்று தகவல் அனுப்பினான்.

குரல் வரவில்லை. கண்ணாடியில் படிந்த மூச்சை விரலால் துடைத்தபோது, வாசல் கதவு திறப்பது தெரிந்தது.

கஜலக்சுமி அக்கா வந்தார். வீட்டுச் செருப்போடு, சேலைக்கு மேல் கணவரின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் ஒரு பெரிய தட்டை ஏந்தியிருந்தார். பின்னால் உஷா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி அக்கா நின்றுவிட்டார். அவருடைய கண் பின்னிருக்கையைத் தேடியது.

லக்ஷ்மிநாராயணன் பதறி இறங்கினான். பெட்டியை எடுத்து வண்டியின் பின்பெட்டிக்குள் வைத்து மூடிப் பூட்டினான்.

"பூட்டிப் போட்டியளோ?"

"பூட்டிட்டேங்கா."

அவர் இன்னும் நாலடி வைத்தார். அந்த நாலடி அவருக்கு எவ்வளவு தூரம் என்பதை அவன் அப்போது அறிந்துகொண்டான்.

"விருந்தாளியைக் குளிருக்குள்ள இருத்திப்போட்டு நான் உள்ளுக்குச் சாப்பிட்டா, முருகன் என்னை என்னெண்டு கேக்கமாட்டாரோ? உங்கட இலையில கிடந்ததையும் என்ர இலையில கிடந்ததையும் அள்ளிக்கொண்டு வந்திட்டன். பிடியுங்கோ."

"அக்கா, இதை நான் வித்துடறேன்."

"வித்தா வேற ஆரின்ரயோ வீட்டுக்குப் போகும். அதில எனக்கென்ன லாபம்?" என்றார். பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்கள் கண்டபடி வச்சிருக்கிற ஆளில்லை. வச்சிருங்கோ, விடுங்கோ, அது உங்கட விருப்பம். ஆனா ஒண்டு தம்பி. அந்தச் சத்தத்தைச் சனத்துக்கு முன்னால விளையாட்டாக் காட்டாதைங்கோ. ஆருக்கு என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாது."

"காட்ட மாட்டேங்கா" என்றான். வேறு எந்த வார்த்தையும் அந்த இடத்துக்குப் பெரியதாகத் தோன்றியது.

அவர் வண்டியின் முன்மூடியில் தட்டை வைத்தார். பருப்புச் சோற்றை ஒரு கவளம் பிசைந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். விழுங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது. விழுங்கினார்.

லக்ஷ்மிநாராயணன் அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டான். அவன் எதிர்பார்த்திருந்தது ஒரு கடுஞ்சொல். அது வந்திருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். வந்ததோ சோறு. பாரம் இறங்கவில்லை, இறங்க வேண்டும் என்றும் அவன் விரும்பவில்லை.

தொழுவதுபோல் இரு கையையும் நீட்டினான். அக்கா ஒரு கவளத்தை அவன் கையில் வைத்தார்.

மேலே பல்கனியிலிருந்து, குழந்தையை இடுப்பில் வைத்தபடி, இரவீந்திரன் எட்டிப் பார்த்தார். "பாயாசம் மேலதான் இருக்குது! அதையும் கார் பார்க்கிங்குக்குக் கொண்டு வரட்டோ?" என்று சத்தம் போட்டார்.

"கத்தாதைங்கோ, கீழ்வீட்டு மனுசி முறைக்கப் போகுது" என்றார் கஜலக்சுமி அக்கா, அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டே. "கொண்டு வாங்கோ. எனக்கும் பசிக்குது."