பூவம்மாளுக்கு மிஞ்சிய வாக்கியம்

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் மாலை, திருவிடைமருதூருக்குக் கிழக்கே கீழமருதங்குடியில், பூவம்மாளின் வாயிலிருந்து ஒரு வாக்கியம் நீங்கலாக மற்றவை அனைத்தும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவளுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

பாதி நாடு கும்பிடுவதும் மறுபாதி தூற்றுவதுமான ஒரு தலைவரைப் பற்றிய ஆவணப்படம் அன்று தொலைக்காட்சியில் வந்தது. ஈராண்டுக்கு முன், குறுவை நெல்லுக்குத் தண்ணீர் கேட்டு உழவர்கள் வறண்ட வாய்க்காலுக்குள் நின்றபோது, அத்தலைவர் கைகாட்டியவுடன் மதகு திறக்கப்பட்டது. ஏழு பேர் அடித்துச் செல்லப்பட்டனர். பூவம்மாளின் கணவன் வீரையன் அவர்களுள் ஒருவன். கரையில் நின்று அந்தக் கையைக் கண்டவள் அவள் ஒருத்தியே. படக்குழுவிடம் இரண்டு மணிநேரம் பேசினாள். எவர்மீது குறை சொல்வதாயினும் முதலில் அவரைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லித் தொடங்குவது அவ்வூர் வழக்கம்; மாடு திருடியவனுக்கும் பஞ்சாயத்தில் அந்த மரியாதை உண்டு. அவளும் அப்படியே தொடங்கினாள். படத்தில் அந்தத் தொடக்கம் மட்டுமே இருந்தது.

“மிச்சமெல்லாம் எங்கம்மா?” என்றாள் மகள் மாலதி.

“ஐயா நல்லவருங்க” என்றாள் பூவம்மாள்.

“வெளையாடாதம்மா.”

“ஐயா நல்லவருங்க.”

உப்புக் கேட்கவும் அதுவே வந்தது. எழுதச் சொன்னால் பேனாவும் அதையே எழுதிற்று. பக்கத்து வீட்டு அம்சம், “ஏண்டி பூவு, கட்சிக்கரை போட்ட சேலை எப்பக் குடுக்கிறாங்க?” என்று சிரித்தாள். அடுத்த மாதம் அந்த ஏழு சாவுகளை விசாரிக்கும் அதிகாரியின் முன் பூவம்மாள் சாட்சி சொல்லியாக வேண்டும்.

அதற்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு படம் எடுக்க வந்தார்கள். “பேச வேணாம், அழுங்கம்மா, அது போதும்” என்றார்கள். அழுகையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அன்றுமுதல் அந்த வாக்கியத்தோடு கண்ணீரும் சேர்ந்து வழிந்தது.

“ஒங்க வீட்டுக்காரரு எப்படிம்மா செத்தாரு?” என்று அதிகாரி கேட்டார். பூவம்மாள் பல்லைக் கடித்து நாக்கை அடக்கிப் பார்த்தாள். உதடு தானே திறந்தது. ‘தலைவர்பால் கொண்ட அன்பினால் சாட்சி கண்ணீர் மல்கினார்’ என்று பதிந்து, கோப்பை மூடினார்கள்.

தலைவரைப் பற்றிய படம் ஞாயிறுதோறும் மறுபடி ஒளிபரப்பாயிற்று. தை அறுவடைக்கு முன் அம்சத்தின் சிரிப்பு நின்று, அவள் வாயிலும் அந்த வாக்கியமே வந்தது. பொங்கலன்று மாலதியும் அம்மாவைப் போலவே பேசினாள். இப்போது நெல் கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை என்று கேட்டால் ஊரார் எல்லாரும், “ஐயா நல்லவருங்க” என்கிறார்கள். எழுத்தரும் தலையசைத்து ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொள்கிறார். ஊரில் இதை எவரும் விந்தையாகக் கருதுவதில்லை.

நீங்களும் அப்படத்தைப் பார்த்திருக்கக்கூடும். இத்தாளை மடிக்குமுன், ‘வீரையனைத் தண்ணீரில் கொன்றார்கள்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து என்ன வந்தது என்று கூர்ந்து கேளுங்கள்.