நாற்பத்தோராவது படி

டாக்டர் தன் கட்டணத்தை உயர்த்திய ஒவ்வொரு முறையும் அவருடைய மாடிப்படியில் ஒரு படி கூடியது. மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் அவர் பெயர்ப்பலகை மாட்டிய வருஷம் படிகள் பன்னிரண்டுதான். கட்டிடத்தைக் கட்டிய கொத்தனாரே அதற்குச் சாட்சி. இரண்டாம் வருஷம் பதின்மூன்று. ரத்தம் பார்க்கும் மெஷின் வந்தபோது பதினான்கு. கட்டிடம் ஒரு விரல்கடைகூட உயரவில்லை, மருந்துக்கடையின் கூரை இருந்த இடத்திலேயே இருந்தது, படிகளுக்கு மட்டும் எங்கிருந்தோ இடம் கிடைத்தது. புதுப்படி எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே வரும். சிமெண்டு கொஞ்சம் வெளுத்துத் தெரியும், ஒரு வாரத்தில் கால்பட்டு மற்றவற்றோடு சேர்ந்துவிடும். கொத்தனார் இரண்டு தடவை வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, நானே கட்டியிருந்தாலும் இப்படித்தான் கட்டியிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் பேராசைக்காரர் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நியாயம் இருந்தது. படிப்புக்கு வாங்கிய கடன் அவர் தலைமுடி நரைக்கும்வரை கூடவே வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அவர் வேலை பார்த்த ஆறு வருஷமும் சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியாகப் போயிற்று. கூடப் படித்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் அவரைப்போலப் பத்து மடங்கு வாங்கினார்கள், நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல். இவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், முதுகில் தட்டிப் பார்ப்பார், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்பார். முடிவெட்டும் கடையில் இதைப் பற்றித் தினமும் வாக்குவாதம் நடந்தது. "உயிரைக் காப்பாத்துறவருக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறே?" என்று ஒருவர் கேட்பார். "காப்பாத்தட்டும்பா, வேணாங்கல. முதல்ல மாடி ஏறிப் போற வரைக்கும் உயிர் இருக்கணும்ல" என்பார் நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவர்.

முப்பதாவது படி வந்தபோது நகரசபை மூன்று பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டது. குழு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, பன்னிரண்டு படிகள் என்று அறிக்கை எழுதியது. அவர்கள்மேல் குற்றமில்லை. கையில் காசு தாராளமாக இருந்தவர்களுக்கு அங்கே என்றைக்கும் பன்னிரண்டு படிகள்தான் இருந்தன. டாக்டருக்கும் அப்படியே. நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவர்கள் யாரும் அவர் இறங்கும்போது கண்ணில் படமாட்டார்கள், அவர் கால் அவர்கள்மேல் படவும் படாது. "எனக்குப் பன்னிரண்டுதாம்மா தெரியுது. நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று அவர் கேட்டபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

அவர் அப்படிக் கேட்டது டோக்கன் அக்காவிடம். பதினைந்து வருஷமாக மாடியில் மேஜைபோட்டு வருகிறவர்களுக்கு நம்பர் கொடுத்தவள் அவள். டாக்டரைவிட வயதானவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்குப் படிகள் எல்லாமே தெரிந்தன, எல்லாவற்றையும் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கினாள். அவள் புருஷன் மரப்பட்டறையில் இருபது வருஷம் இழைத்தவன். மரத்தூள் நெஞ்சில் படிந்து, ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் பேசுகிற நிலைக்கு வந்திருந்தான். மாதம் ஒரு தடவை மாடியில் இருந்த மெஷினில் மருந்துப் புகை பிடித்தால் அடுத்த மாதம்வரை தாங்கும். டாக்டர் அவனிடம் ஒருநாளும் கட்டணம் வாங்கியதில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நாற்பது படியும் ஏற்றுவாள், பத்துக்கு ஒரு தடவை நின்று, வீட்டுக் கதை பேசி, அவனைச் சிரிக்க வைத்து, சிரித்தால் இருமல் வரும் என்று திட்டி.

மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்த வருஷம் அக்கா சம்பளம் கூட்டிக் கேட்டாள். பதினைந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "இதை நீங்க எப்பவோ கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தார், அதற்கு ஈடாகக் கட்டணத்தையும் கொஞ்சம் ஏற்றினார். மறுநாள் காலை அவள் வழக்கம்போல முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கியவள், மூச்சு வாங்குவதற்குள் மேஜைக்கு முன்னால் நின்றாள். இறங்கிப் போய் எண்ணினாள். பன்னிரண்டு. வந்த நோயாளிகளிடம் கேட்டாள். நாற்பத்தொன்று என்றார்கள்.

அந்த மாதம் புருஷனைக் கூட்டி வந்தபோது அவன் கையை இறுக்கித்தான் பிடித்திருந்தாள். ஏழாவது படியில் கை காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் படியில் யாருமில்லை, கீழே தெருவும் வெயிலும்தான். அரை மணி கழித்து அவன் தனியாக ஏறி வந்து சேர்ந்தான். "நீ பாட்டுக்குப் போயிட்டே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். அன்றைக்கே சம்பளத்தைப் பழையபடி குறைத்துவிடச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் சொன்னபோது அவன்தான் தடுத்தான். "இன்னும் ரெண்டு தவணை ஃபீஸ் இருக்கு. அவ முடிச்சிரட்டும். நான் மெதுவா ஏறிக்கிறேன், எனக்கு என்ன ஆபீஸா போகணும்?" அவளும் சரி என்றாள். அந்தச் சரியை அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். பல வருஷம் கழித்தும் அவள் நெஞ்சை அறுத்தது அதுதான்.

அடுத்த மாதம் அவன் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதற்கு அடுத்த மாதம், இரண்டாம் தவணை கட்ட ஒன்பது நாள் இருந்தபோது, காலை பத்து மணிக்கு ஏறத் தொடங்கினான். அவள் மேலே நம்பர் கொடுத்துக்கொண்டே வருகிறவர்களிடம் விசாரித்தாள். பதினெட்டாவது படியில் இருக்கிறார், நல்லாத்தான் பேசினார் என்றார் ஒருவர். இருபத்தாறில் என்றாள் குழந்தையோடு வந்த ஒரு பெண். "முப்பத்தொண்ணுல உக்காந்திருக்கார்க்கா. வந்துடறேன், அவளைப் பதறாம இருக்கச் சொல்லுங்கன்னார்" என்றார் அடுத்து வந்தவர். படியின் எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியாதபடி அவன் இருமல் அவளுக்குக் கேட்டது. ஓடி இறங்கினாள், தெருவில் நின்றாள். ஏறினாள், மேலே நின்றாள். தானும் நோயாளியாக ஏறினால் அவன் இருக்கும் படிக்குப் போய்விடலாம் என்று நினைத்து, கட்டணத்தை மேஜையில் வைத்து, தனக்கே ஒரு டோக்கன் எழுதி, கையில் பிடித்துக்கொண்டு கீழிருந்து ஏறினாள். பன்னிரண்டு. டாக்டர் எல்லா வேலையையும் விட்டுவிட்டு மூச்சு மருந்தை எடுத்துக் கொடுத்தார், இறங்கப்போன ஒரு கிழவரிடம் அதைக் கொடுத்தனுப்பினார்கள். கிழவருக்கும் முட்டி வலி, அவரால் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனார்.

அவள் தெருவாசலில் நின்றிருந்தபோது நான்கு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். டாக்டர் தரையில் மண்டிபோட்டு அவன் நெஞ்சை அழுத்தினார், வாயில் வாய் வைத்து ஊதினார், யார் சொல்லியும் நிறுத்தவில்லை, சட்டையெல்லாம் நனைந்தபிறகுதான் கையை எடுத்தார். அவன் நாற்பது படி ஏறிவிட்டதாகவும், நாற்பத்தோராவதான கடைசிப் படியில் ஒரு காலை எடுத்து வைத்ததாகவும் தூக்கி வந்தவர்களில் ஒருவர் சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை, அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு டாக்டர் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார், அக்கா தன் சம்பளத்தைப் பழையபடி ஆக்கிக்கொண்டாள். ஒரு படியும் குறையவில்லை, அவளுக்குப் பன்னிரண்டும் கூடவில்லை. நம்பாமலே இருந்த டாக்டர் இப்போது நம்பினார், ஆனாலும் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் மருந்துக்கடை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தார். அவ்வளவு பேருக்கும் ஒரு நாள் எப்படிப் போதும்? மகள் படிப்பை முடித்துத் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள், நல்ல சம்பளம். அங்கே படிகள் எத்தனை என்று அம்மா ஒரு தடவை போனில் கேட்டாள். "லிஃப்ட்தாம்மா இருக்கு" என்றாள் மகள். அதற்குமேல் இருவரும் அதைப் பேசவில்லை.

தான் கேட்டது தப்பா என்று அக்கா பலமுறை யோசித்தாள். பதினைந்து வருஷம் உழைத்தவள் கேட்டது தப்பில்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. வேலையை அவள் விடவில்லை. காலையில் வந்ததும் ஏழாவது படியில் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போடுவாள், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைப்பாள், மேலே போய் நம்பர் கொடுப்பாள். பகலெல்லாம் எத்தனை தடவை எட்டிப் பார்த்தாலும் அந்த ஸ்டூலில் யாரும் இருக்கமாட்டார்கள். சாயங்காலம் அதை எடுத்து உள்ளே வைக்கும்போது செம்பு காலியாக இருக்கும், ஸ்டூல் சூடாக இருக்கும்.