ஒன்பதாவது வரி

கூட்டல் கணக்குல நான் தப்பு பண்ணி யாரும் பார்த்ததில்ல. பதினெட்டு வருஷமா எங்க பள்ளிக்கூடத்துல நடக்கிற போட்டிகளுக்கெல்லாம் மார்க் கூட்டுறது நான்தான். கணக்கு டீச்சர்தானே, செய்யட்டும்னு என் தலையில கட்டினாங்க. நானும் பெருமையா ஏத்துக்கிட்டேன். அதனால அன்னைக்கு நடந்தது கூட்டல் பிசகுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கூட்டல் சரி. மத்தது எல்லாமேதான் தப்பு.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான போட்டி. பன்னெண்டு பள்ளிக்கூடத்துல இருந்து வந்திருந்தாங்க. மேல் மாடியில கணக்கு வினாடி வினா, கீழ ஹால்ல தனிநடிப்பு. ரெண்டும் ஒரே காலையில. என் பொண்ணு ஏழாம் வகுப்பு. வாலுன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க, சின்ன வயசுல அவ பண்ணின சேட்டைக்கு நான் வெச்ச பேரு அது. இப்போ அந்தச் சேட்டையெல்லாம் எங்கே போச்சுன்னு தெரியல. சாப்பிடறா, படிக்கிறா, கேட்டா "ம்" சொல்றா. நடிக்கும்போது மட்டும்தான் குரல் வெளிய வரும்.

தனிநடிப்புக்கு மட்டும் பேர் குடுக்கறேன்னுதான் அவ சொன்னா. நான் விட்டேனா? கணக்கு டீச்சர் பொண்ணு கணக்குப் போட்டியில இல்லன்னா ஸ்டாஃப் ரூம்ல என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெக்கிறது? ரெண்டுக்கும் பேர் குடுத்தேன். "டைம் இடிக்கும்மா"ன்னா. "இடிக்காது, நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்"னு அவ வாயை அடைச்சேன்.

"அப்போ நீயாவது வந்து பார்ப்பியா?"

மார்க் கூட்டுறவ போட்டியப் பார்க்கக் கூடாது, பக்கத்து லேப்ல தனியா உக்காரணும். அது விதி. அந்த விதியை எழுதினதும் நான்தான். இருந்தாலும் பொண்ணு முகத்தைப் பார்த்து, "உன் முறை வரும்போது அஞ்சு நிமிஷம் வாசல்ல வந்து நிக்கறேன்"னு சொல்லிட்டேன். அவ நெஞ்சுல ஒன்பதாம் நம்பர் அட்டையைக் குத்திவிட்டதும் இந்தக் கைதான். "சொந்தப் பொண்ணு நடிக்கிற போட்டிக்கு நீங்களே மார்க் கூட்டலாமா டீச்சர்?"னு ஒருத்தர் கேட்டாரு. "என் கூட்டல் மேல சந்தேகம்னா கால்குலேட்டரோட வந்து உக்காருங்க"ன்னேன். மனுஷன் போனவர் போனவர்தான்.

பதினொன்னரை இருக்கும், மேடையைப் பார்த்துக்கிற பி.டி. மாஸ்டர் லேப்புக்கு ஓடி வந்தாரு. மூச்சு வாங்குது.

"டீச்சர், ஒன்பதாம் நம்பர் இன்னும் மேல வினாடி வினாலதான் இருக்கு. மூணு தடவை கூப்பிட்டாச்சு. ரூல்படி அடிச்சிடவா?"

மூணு தடவை கூப்பிட்டும் வரலன்னா பேரை அடிக்கணும். அதுவும் நான் எழுதின ரூல். வேற யார் பிள்ளையா இருந்தாலும் "அடிங்க, இதுல என்ன கேள்வி"ன்னு சொல்லியிருப்பேன்.

"வாயைக் கழுவுங்க சார்! பத்தை ஏத்துங்க. அவ வந்ததும் அடுத்து ஏத்தலாம். மைக்ல பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம்."

அவரும் நல்லவர், சொன்னதைச் செஞ்சாரு. நம்பர் சொன்னா யாராவது கேள்வி கேப்பாங்கன்னு பயந்து, "அடுத்த போட்டியாளர்"னு மட்டும் மைக்ல சொல்லியிருக்காரு. நடிக்கிற பிள்ளைங்க வேஷம் மறையக் கூடாதுன்னு நம்பர் அட்டையைக் கழட்டி வெச்சிட்டுத்தான் மேடை ஏறும். நடுவர்கள் மூணு பேருக்கும் நான் குடுத்த தாள்ல ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் நம்பர் வரிசையா எழுதியிருக்கும். அவங்க தலையைக் குனிஞ்சு அடுத்த வரி, அடுத்த வரின்னு எழுதிக்கிட்டே போவாங்க. இதெல்லாம் எனக்கு அப்போ தோணவே இல்ல. மாடிப்படியில தடதடன்னு ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு. வாலு வந்துட்டா, தப்பிச்சோம்னு மட்டும்தான் நினைச்சேன். அந்த நேரம் பார்த்து, காலையில முதல்ல முடிஞ்ச பேச்சுப் போட்டியோட தாளெல்லாம் கட்டாக் கொண்டு வந்து மேஜையில போட்டாங்க. வாசலுக்குப் போகணும்கிறதே மறந்துபோச்சு.

மத்தியானம் தனிநடிப்புத் தாள் மூணும் வந்துச்சு. கூட்டினேன். ஒன்பதாவது வரி, நூத்தைம்பதுக்கு நூத்தி முப்பத்தொன்பது. நான் திரும்பக் கூட்டினேன், மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல. அதே முப்பத்தொன்பது. மார்க்ல பக்கத்துல கூட வேற யாரும் வரல.

பரிசு அறிவிக்கும்போது நடுவர்கள் மூணு பேரும் சாப்பிடப் போயிருந்தாங்க. நான் ஹால் வாசலுக்கு ஓடினேன். "முதல் பரிசு, ஒன்பதாம் எண்"னதும் நான் தட்டினேன் பாருங்க, உள்ளங்கை எரிஞ்சுது. முன்னாடி இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க. பார்க்கட்டுமே. வாலு மேடை ஏறி கோப்பையை வாங்கினா. தலையைத் தூக்கவே இல்ல. கண்ணெல்லாம் தண்ணி. சந்தோஷத்துல அழறா என் செல்லம்னு நினைச்சேன். நல்லா நினைச்சேன் போங்க.

மூணு மணிக்குத் தாளையெல்லாம் உறையில போட்டு அரக்கு வெச்சு அடுத்த சுற்று நடத்துறவங்களுக்கு அனுப்பணும். அரக்கு வெச்சாச்சுன்னா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி நடுவர்கள் எழுதின குறிப்பை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுக்கறது எங்க வழக்கம். ரெண்டு மணிக்கு டீயை வெச்சுக்கிட்டு எழுத உக்காந்தேன்.

பத்தாவது வரி முதல்ல கண்ணுல பட்டுச்சு. ஒரு நடுவர், "மூச்சிரைப்பு, குரல் எழவில்லை"ன்னு எழுதியிருந்தாரு. இன்னொருத்தர், "நடுவில் வசனம் மறந்து நின்றாள்". மூணாவது நடுவர், "பார்வை அடிக்கடி வாசல் பக்கமே போகிறது. யாரையோ எதிர்பார்க்கிறாள்".

ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளையோன்னு நினைச்சேன். வரேன்னு சொல்லிட்டு வராம விட்டாளே, அவளெல்லாம் ஒரு தாயான்னு கூட நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்.

அப்புறம் ஒன்பதாவது வரிக்கு வந்தேன். "தையல்காரி கண்முன் நின்றாள். மெஷினே இல்லாமல் மெஷின் சத்தம் கேட்டது."

என் பொண்ணு தையல்காரியா நடிக்கல. அவ ரயில்வே ஸ்டேஷன் விசாரணைக் கவுன்ட்டர்ல உக்கார்ற அம்மாவா நடிச்சா. வசனமெல்லாம் அவளே எழுதினது. டீ அப்படியே ஆறிப்போச்சு.

உள்ளதைச் சொல்லிடறேன். ஒரு கால் மணி நேரம் நான் திருடியா இருந்தேன். இந்தக் குறிப்பை நான் மட்டும்தான் படிச்சிருக்கேன். ஒன்பதாம் நம்பர் சீட்டுல தையல்காரிங்கிற வார்த்தையை விட்டு எழுதினா முடிஞ்சுது கதை. பி.டி. மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு முகம் வெளுத்துப்போச்சு. "விடுங்க டீச்சர், அறிவிச்சாச்சு. இப்போ கிளறினா உங்க தலையும் உருளும், என் தலையும் உருளும்"னாரு. அவர் சொன்னது எனக்கு இனிச்சுது. அந்த அசிங்கத்தையும் சொல்லிடறேன்.

சீட்டெல்லாம் எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போனேன். பெஞ்சுல ஒரு பொண்ணு, எட்டாம் வகுப்பு இருக்கும், புடவையை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டிருந்தா. கழுத்துல இன்னும் அளவு நாடா. என்னைப் பார்த்ததும் எழுந்தா.

"டீச்சர், பத்தாம் நம்பர் சீட்டு இருக்கா? எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா திருத்திக்குவேன். எட்டாவது முடியப் போகுது, இந்தப் பிரிவுல இனிமே வர முடியாது. ஆனாலும் தெரிஞ்சுக்கணும் டீச்சர். நல்லாப் பண்ணேன்னு நினைச்சேன்."

என் கையில அந்தச் சீட்டு இருந்துச்சு, மூச்சிரைப்பு, மறதி, வாசல். அதை இந்தப் பொண்ணு கையில குடுத்தா ஆயுசு முழுக்க அவ அதை நம்புவா.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. கிளம்பிடாத. அரை மணி நேரம் உக்காரு."

வாலு மாடிப்படிக்கு அடியில உக்காந்திருந்தா. கோப்பை பைக்குள்ள, பை காலுக்கடியில. நான் பக்கத்துல உக்காந்தேன்.

"நடுவுல மறந்துட்டியா?"

"ம்."

"வாசலைப் பார்த்தியா?"

"நீ வரேன்னு சொன்னியே." குத்தம் சொல்ற மாதிரி இல்ல, கேட்டதுக்குப் பதில் சொல்ற மாதிரித்தான் சொன்னா. "மேல கடைசிச் சுற்றுல பாதியில எழுந்து ஓடி வந்தேன். எங்க டீம் தோத்துடுச்சு. இங்க வந்தா மூச்சே வரல. உன்னைப் பார்த்தா சரியாயிடும்னு நினைச்சேன்."

எனக்குக் கோபம் வந்துச்சு. யார் மேலன்னு தெரியாத கோபம். "அப்போ பரிசு உனக்கில்லன்னு தெரியுமில்ல? தெரிஞ்சும் ஏன்டி வாயைத் திறக்கல?"

அவ ஷூ கயித்தை விரல்ல சுத்தி முறுக்கினா.

"நீ கை தட்டினியேம்மா. அவ்வளவு பேர்ல உன் கை சத்தம் மட்டும் தனியாக் கேட்டுச்சு. இதுக்கு முன்னாடி எனக்காக நீ அப்படித் தட்டினதே இல்ல."

நான் எழுந்து லேப்புக்கு ஓடினேன்.

தாள் மூணையும் எடுத்துக்கிட்டு ஹெச்.எம். ரூமுக்குப் போனேன். வரிசையை மாத்தச் சொன்னது நான்தான், பி.டி. மாஸ்டர் மேல தப்பில்லன்னு ஒரே மூச்சுல சொன்னேன். நடுவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. தையல்காரி யாருன்னு மூணு பேரும் அந்தப் பொண்ணைத்தான் கை காட்டினாங்க. ஹெச்.எம். ரூல் தாளை எடுத்துப் படிச்சாங்க, என் கையெழுத்துல இருக்கிற ரூல்.

"மூணு தடவை கூப்பிட்டு வராத பிள்ளையோட பேரை அடிக்கணும்னு இருக்கு. அப்போ உங்க பொண்ணுக்கு மார்க்கே இல்ல. கடைசி இடம் கூட இல்ல. அடிச்சிடலாமா? இனிமே மார்க் கூட்டுற வேலைக்கு வேற ஆளைப் பார்க்கணும். நீங்களே சொல்லுங்க."

"சரிங்க மேடம்"னேன். சிவப்புப் பேனா, ஸ்கேல். என் பொண்ணு வரியை நானே அடிச்சேன். கோடு நேரா விழுந்துச்சு, அது ஒண்ணுதான் நான் கத்துக்கிட்டது.

பரிசு மாறிப்போனதை மைக்ல நானே சொன்னேன். பாதிப் பேர் கிளம்பியிருந்தாங்க, மீதிப் பேர் உச்சுக்கொட்டினாங்க. வாலு எழுந்து போய்க் கோப்பையை அந்தப் பொண்ணு கையில குடுத்தா. அந்தப் பொண்ணு வாங்கிக்கிட்டு, என்ன பேசறதுன்னு தெரியாம, "உன் ஸ்டேஷன் அம்மா நல்லா இருந்துச்சு, பாதி வரைக்கும்"னா. வாலு சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்கில்ல, அந்தப் பொண்ணுக்குத்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரும் நின்னோம். ஒரு சாமானும் இல்லாத பையை அவ ரெண்டு தோள்லயும் மாட்டியிருந்தா.

"ஒரு தடவை நடிச்சுக் காட்டேன். நான் பார்க்கவே இல்லையே."

"மறந்துபோச்சும்மா."

பொய். ரெண்டு மாசமா பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னு அவ சொல்லிப் பார்த்ததை நோட்டு திருத்திக்கிட்டே கேட்டவ நான். "அடுத்த வண்டி எப்போன்னு எல்லாரும் என்கிட்ட வந்து கேக்கறாங்க. என் வண்டி எப்போ வரும்னு நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?" அங்க வந்து குரல் உடையும். முதல் தடவை கேட்டப்ப என் பேனா நின்னுது. அதை அவகிட்ட நான் சொல்லல. "சீக்கிரம் வெளிய வா, எனக்கு லேட் ஆகுது"ன்னுதான் கத்தினேன்.

அவ சொல்லலன்னா நான் சொல்றேன்னு ஆரம்பிச்சேன், சத்தமா, நாலு பேர் திரும்பிப் பார்க்க. "மணி எத்தனைன்னு எல்லாரும் என்கிட்ட வந்து கேக்கறாங்க..."

அவ ரோட்டையே பார்த்துக்கிட்டிருந்தா.

"மணி இல்லம்மா. அடுத்த வண்டி எப்போன்னு கேக்கறாங்க."

"சரி, வண்டி. அப்புறம்?"

அப்புறம் அவ சொல்லல. நான் அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னேன். எங்க பஸ் வந்து நின்னு, ஆளை ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு. ரெண்டு பேரும் ஏறல.