விடுப்பில் சேர்ந்தவர்

முன்னறையில் அன்று ஐந்து பேர் இருந்தார்கள். மாமியார் கட்டிலில், மனைவி தையல் மெஷின் முன்னால், மைத்துனன் வாசற்படியில், மகள் தரையில். ஐந்தாமவரான வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மூன்று வருடமாக அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் ஒழுங்காகக் கற்ற ஒரே ஆங்கிலக் கடிதம் விடுப்பு விண்ணப்பம். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்க ஆசைப்பட்டு, அதையே எடுத்து, 'விடுப்பு' என்ற இடத்தில் 'வேலை' என்று மாற்றி நானூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகளுக்கு அனுப்பினார். ஒருவரும் சீந்தவில்லை. அடுத்ததில் மாற்ற மறந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: விடுப்பு அனுமதிக்கப்பட்டது. விடுப்பு பெற்ற ஆள் ஊழியர் பட்டியலில் இல்லாமல் போனால் தணிக்கையில் கேள்வி வருமே என்று பட்டியலிலும் சேர்த்துக்கொண்டார்கள். அன்று மத்தியானமே அவர் கால் முதல் தலை வரை மறைந்துபோனார். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. ஒரு தவறும் செய்யாதவர் என்று சிறந்த ஊழியர் விருது இரண்டு முறை வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமையோடு விடுப்பு முடிகிறது. திரும்புவதா, நீட்டிப்பதா என்று கையெழுத்திட்ட கடிதம் தபாலில் வர வேண்டுமாம்.

"திரும்பிடறேன். பாப்பாகிட்ட என்னை வரையச் சொன்னா வெறும் நாற்காலியை வரையறா," என்று சொல்லி அவர் எழுத ஆரம்பித்தார். 'பணிக்குத் திரும்புகிறேன்' என்ற வரியில் பேனா பிடித்த விரல்கள் தெரிந்தன, பிறகு மணிக்கட்டு. மகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு நகமெல்லாம் இருக்கு."

மாமியார் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "உழைச்ச கை மாதிரி தெரியலையே மாப்பிள்ளை."

"மாமா, திங்கக்கிழமை போய் என்ன வேலை பாப்பீங்க?" என்றான் மைத்துனன்.

வேலை என்னவென்று எந்தக் கடிதத்திலும் இல்லை. கேட்டால் குட்டு உடையும். மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"வேலையில்லாம நாலு வருஷம் எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சீங்களே. அப்ப யாராவது திரும்பிப் பாத்தாங்களா?"

தெரிந்த அந்தக் கை காகிதத்தைக் கிழித்தது. புதிய தாளில், காய்ச்சல் காரணமாக இன்னும் ஐந்து வருடம் விடுப்பு வேண்டும் என்று எழுதினார். கை வரிக்கு ஒரு விரலாக மறைந்தது. கட்டைவிரலை மட்டும் கையெழுத்து முடியும்வரை மகள் விடவில்லை.

மனைவி உறையை ஒட்டினாள். மாமியார் தபால்தலையை அழுத்தினார். மைத்துனன் சைக்கிளில் போய், தபால்காரர் பெட்டியைத் திறப்பதற்குள் போட்டுவிட்டு வந்தான்.