செவலையோடு மலைக்குப் போன ஞாயிறு

இசக்கித்துரை அண்ணாச்சிக்கு நான் கொடுக்க வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். என் மனைவி மாரிசெல்விக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது வாங்கியது. புளியங்குடிக்கு மேற்கே மலையடியில் இருக்கும் அவருடைய எலுமிச்சைத் தோட்டத்தில்தான் எனக்கு வேலை. கூலியில் கழித்துக்கொண்டே வந்தும், வட்டி அந்தக் கடனை அசைய விடவில்லை. புரட்டாசிக் கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார்.

"ஏலே மூக்காண்டி, பன்னி வந்து தூரெல்லாம் கிண்டிப் போடுது. ஒன் நாயக் கொண்டாந்து இங்கன கெட்டிரு. கடன் துட்டு வேண்டாம்."

எங்கள் நாய் செவலை, சிப்பிப்பாறைச் சாதி. குட்டியிலிருந்து என் மகள் தேன்மொழி மடியில் வைத்துப் பால் ஊட்டி வளர்த்தது. என்னோடு தோட்டத்துக்கு வந்து வந்து அண்ணாச்சிக்கும் பழகியிருந்தது. நான் சரி என்றுவிட்டேன். தேன்மொழி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறகு ஒருநாள் அவளே வந்து கேட்டாள்.

"குடுக்கதுக்கு முந்தி மலைக்குக் கூட்டிட்டுப் போவோமாப்பா?"

ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வந்ததும் ஒரு ஞாயிறு நாங்கள் மலைக்குப் போவோம். எங்களுக்கு வருசத்தில் அந்த ஒரு நாள்தான் ஊர் சுற்றல். சங்கரன்கோவிலிலிருந்து தோட்டத்துக்குக் காய் ஏற்றப் போகும் லோடு ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்துகொள்வோம். இந்த முறையும் மாரிசெல்வி வாளியில் புளிச்சோறு கட்டினாள். அவித்த முட்டையில் ஒன்றை நாய்க்கென்று தனியாக வைத்தாள்.

தோட்டத்து வாசலில் அண்ணாச்சி பல் துலக்கிக்கொண்டு நின்றார்.

"ராத்திரி ஆனை சத்தம் கேட்டுச்சு. நாய அவுத்து உட்டுராதலே. அது போயி குலைக்கும். ஆனை வெரட்டுனா ஒங்கிட்டதான் ஓடியாரும்."

"கையிலயே புடிச்சிக்கிடுதேன் அண்ணாச்சி."

"நல்லாப் புடி. இனி அது எஞ் சாமான்லா" என்று சிரித்தார்.

ஓடை இரண்டு பக்கமும் பாறைச் சுவராக நிற்கும் ஓர் இடுக்கு வழியாக இறங்கி வருகிறது. அதன் ஓரமாகத்தான் ஏற வேண்டும். முந்தின நாள் மழையில் கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. பாதி ஏறியதும் மாரிசெல்வி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி, முடியலையா?"

"தையல் போட்ட எடம் இழுக்கு. இன்னும் ஏறுனா ஆஸ்பத்திரிதான். பொறவு அண்ணாச்சிகிட்ட இன்னொரு கடன்தான்."

அவளைக் கைகொடுத்து ஒரு பாறையில் ஏற்றி உட்கார வைப்பதற்காக, கயிற்றைத் தேன்மொழியிடம் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் கையில் கயிறு மட்டும் இருந்தது.

"ஏட்டி, நாய் எங்க?"

"போச்சு."

"நீயா அவுத்து உட்ட?"

"ஓடிப் போயிருன்னு சொன்னேன். அது மலையிலயே கெடக்கட்டும். யாருக்கும் குடுக்காண்டாம்."

அடிக்கக் கை ஓங்கினேன். அப்போது மேலே செவலை குலைத்தது. உடனே மரம் முறியும் சத்தம். குலைப்பு ஊளையாக மாறிக் கீழே இறங்கி வந்தது. வளைவில் செவலை தெரிந்தது. அதன் பின்னால் இடுக்கை அடைத்துக்கொண்டு யானை.

பாறைச் சுவரின் அடியில் ஒரு குடைவு இருந்தது. இருவரையும் அதற்குள் தள்ளிவிட்டு நானும் ஒடுங்கினேன். செவலை வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொண்டு நேராக எங்களிடமே வந்தது. அது வந்தால் யானையும் வரும்.

குனிந்து ஓடைக்கல்லை எடுத்து எறிந்தேன். தவறிவிட்டது. செவலை நின்று என் முகத்தைப் பார்த்தது. பிறகும் ஓர் எட்டு வைத்தது. அடுத்த கல் கண்ணில் பட்டது. பிள்ளை அழுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. தேன்மொழி என் கையைக் கடித்தாள். கையில் பல் இருக்க, மறுகையால் இன்னொரு கல்லை ஓங்கினேன். எறியத் தேவையிருக்கவில்லை. செவலை ஓடையைத் தாண்டி எதிர்க்கரை வழியாகக் கீழே பாய்ந்தது. யானை அதன் பின்னால் போனது. அது மிதித்த தண்ணீர் எங்கள் மேல் தெறித்தது.

யானை நாயை விட்டுவிட்டு, இடுக்குக்குக் கீழே எதிர்ச் சரிவில் ஏறி மறையும்வரை நாங்கள் வெளியே வரவில்லை. சோற்று வாளி எங்கே போனதென்று யாரும் பார்க்கவில்லை.

நாங்கள் இறங்கி வந்தபோது, தோட்டத்தில் அண்ணாச்சியின் காலடியில் செவலை கிடந்தது. ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தம். "செவல" என்று கூப்பிட்டேன். அது வயிற்றால் ஊர்ந்து அவர் வேட்டிக்குப் பின்னால் போனது. தேன்மொழி கூப்பிட்டபோது வால் மட்டும் ஆடியது. அவள் பக்கத்தில் நான் நின்றேன். அதனால் அது எழுந்து வரவில்லை.

நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி குனிந்து நாயின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணப் போக்கிட்டியேலே. ஒத்தக் கண்ணு நாய்க்கு முழுத் துட்டையும் எப்படி கழிக்க? எட்டாயிரம் நிக்கட்டும்."

மாரிசெல்விதான் பேசினாள்.

"அது எங்ககிட்ட வந்திருந்தா மூணு பேரும் அங்கனயே கெடந்திருப்போம் அண்ணாச்சி. அந்த எட்டாயிரத்த யாருகிட்ட வாங்கியிருப்பிய?"

அவர் தேன்மொழியைப் பார்த்தார். அவள் உதட்டில் என் ரத்தம் காய்ந்திருந்தது.

"சரி, தீந்துட்டு. ஒரு பைசா பாக்கி கெடையாது. மருந்தும் நானே போட்டுக்கிடுதேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு வேலைக்கு வாரப்ப பின்வாசலோட வா. ஒன்னக் கண்டா இது மிரளுது."