ஏப்ரல் சேற்றின் நிறம்

சைகல் கர-பெல் கணவாய்க்கு முதன்முதலில் போனது ஒரு ஜூலை மாதத்தில். தலைநகர் பிஷ்கெக்கில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் உள் அலங்காரம் செய்து கொடுப்பவள் அவள். வயது முப்பத்தாறு. எந்த வேலை வந்தாலும், காகிதத்தைத் தொடுவதற்கு முன் பையை மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவாள். இசிக்-குல் ஏரித் தண்ணீர் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு இருந்த நிறம் ஒரு மருந்துக் கடையின் சுவராகியிருக்கிறது. அக்ரூட் காட்டில் அக்டோபரில் பொறுக்கிய இலைகள் ஒரு புதுமணத் தம்பதியின் படுக்கையறைத் திரைகளாகியிருக்கின்றன. ஊர் ஊராகச் சுற்றுவதற்கு வேலை ஒரு சாக்கு என்று தோழிகள் கேலி செய்வார்கள். அவள் மறுத்ததில்லை.

இந்த முறை வேலை கொடுத்தது சாலைத்துறை. கணவாயின் உச்சியில் ஒரு விடுதி இருக்கிறது. பனி தள்ளும் வண்டிக்காரர்கள் ஆறு பேரும் ஒரு சமையல்காரியும் அக்டோபரில் ஏறினால் மே மாதம்தான் இறங்குவார்கள். சுவரெல்லாம் காரை உதிர்ந்து கிடந்த அந்த விடுதியை மனிதர் வாழும் இடமாக மாற்ற வேண்டும்.

ஜூலையில் விடுதி காலியாக இருந்தது. சைகல் வாசலில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்கினாள். எதிரே பனி மூடிய சிகரம். சரிவில் சாம்பல் நிறக் கற்கள். பால் கலந்தது போல் ஓடும் ஆறு. மேகத்தின் நிழல் பனிமேல் ஊர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ பயணங்களில் கிடைக்காத அமைதி கிடைத்தது. அந்த அமைதியை அப்படியே உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

செப்டம்பருக்குள் வேலை முடிந்தது. பொது அறை முழுக்கப் பால் வெள்ளை. நடைபாதைச் சுவர் சாம்பல். சாயம் ஏற்றாத கம்பளி விரிப்புகள், வெளிர் மர பெஞ்சுகள். வடக்குச் சுவரை இடித்து, சிகரம் முழுசாகத் தெரியும்படி அகலமான ஜன்னல் ஒன்று. துறை அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுக் கைகுலுக்கினார்கள். தலைநகரத்துப் பத்திரிகை ஒன்று நடத்தும் போட்டிக்கு இந்த அறையை அனுப்பலாம் என்று சைகலுக்கு ஆசை வந்தது. குளிர்காலப் படம் இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று பிப்ரவரி வரை காத்திருந்து, காமிராவோடு சாமான் வண்டியில் ஏறிப் போனாள்.

பொது அறைக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேசைமேல் எலுமிச்சம்பழங்கள் அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பு. தரையில் கண்ணைக் குத்தும் பச்சையில் ஒரு விரிப்பு. ஒரு சுவரில் தென்னை மரமும் கடலுமாக ஒரு பெரிய படம், இன்னொன்றில் மல்யுத்த வீரர்களின் காலண்டர். மூலைக்கு மூலை பிளாஸ்டிக் சூரியகாந்தி. அவள் ஆசையாக வைத்த ஜன்னலை ஆணியடித்த ஒரு சிவப்புப் போர்வை மூடியிருந்தது.

"இதெல்லாம் யார் செஞ்சது?" என்றாள்.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு துர்சுனை வந்தாள். ஐம்பது வயது, பருத்த உடம்பு, எட்டு வருடமாக இந்த விடுதியில் சமைப்பவள்.

"நாங்கதான். நீதான் அந்த டிசைன்காரியா? உள்ள வாம்மா, கதவ மூடு, குளிர் வருது."

"அக்கா, இந்த ரூமுக்காக நான் மூணு மாசம் உழைச்சிருக்கேன்."

"தெரியுது. ஆனா முதல் வாரமே பசங்க சொல்லிட்டாங்க, பல்லு புடுங்க ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கற மாதிரி இருக்குன்னு. சாப்பாடு இறங்கல அவங்களுக்கு. என் சமையலதான் குத்தம் சொல்றாங்களோன்னு நான் வேற சண்டை போட்டேன்."

"அந்த ஜன்னல்? அத ஏன் மூடினீங்க?"

"அந்த மலைய அவங்க நாள் பூரா வண்டிக்குள்ள உக்காந்து பாக்குறாங்க. கஞ்சி குடிக்கறப்பவும் அது எட்டிப் பாக்கணுமா?"

சைகலுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இரண்டு மணி நேரம் மட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"எடுத்துக்க. ஆனா நீயே கழட்டணும், நீயே மாட்டணும். எனக்கு மாவு பிசையற வேலை இருக்கு" என்றாள் துர்சுனை.

சைகல் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாமான் அறையில் குவித்தாள். அறை மறுபடி அவளுடையதாயிற்று. நாற்பது படங்கள் எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே சிகரம், உள்ளே அதே வெள்ளை. அழகாகத்தான் இருந்தது.

கடைசிப் படம் எடுக்கும்போது கட்டடம் லேசாக அதிர்ந்தது. கணவாயின் இருபுறமும் பனிச்சரிவு. சற்று நேரத்தில் ஆறு பேரும் வண்டிகளோடு வெளியே போய்விட்டார்கள். சாலை திறக்க எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. சைகலால் இறங்க முடியாது. கழற்றியவற்றை மாட்டுவது பற்றி யாரும் பேசவில்லை. ஆட்கள் வருவார்கள், தட்டில் தலை கவிழ்ந்து சாப்பிடுவார்கள், பூட்ஸோடு பெஞ்சிலேயே தூங்கிவிட்டு மறுபடி போவார்கள். அவளும் அந்தக் குவியலைத் தொடவில்லை. இரண்டு நாள் இந்த அறையில் நிம்மதியாக இருந்தால் அவர்களுக்கே புரியும் என்று ஒரு வீம்பு.

முதல் நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்தாள். இரண்டாம் நாள் வரைய ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் பனி கொட்டியது. வெளியே எங்கே தரை முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தாலும் சுவரைப் பார்த்தாலும் ஒன்றுதான். தலைக்குள் மெல்லிய வலி ஒன்று தொடங்கி விடாமல் இருந்தது. காரணமே இல்லாமல் எரிச்சல் வந்தது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம்கூடப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் அவள் சமையலறையை விட்டு நகரவில்லை. துர்சுனை குவார்தாக் செய்வதற்கு இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தாள். சைகல் எதிரே முக்காலியில் உட்கார்ந்து கையில் எதையோ வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்த அப்படிப் பாக்குற?"

சைகல் குனிந்து பார்த்தாள். தக்காளி விழுது டப்பா. அதன்மேல் ஒட்டிய காகிதத்தில் சிவப்பாக நாலு தக்காளி. எவ்வளவு நேரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

துர்சுனை அடுப்பைத் தணித்தாள். டப்பாவையும் அவளையும் ஒரு முறை பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அவள் கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது சைகலுக்கு.

அன்று மதியமே சாமான் அறைக்குப் போனாள். முதலில் எலுமிச்சை விரிப்பை எடுத்து மேசைமேல் போட்டு, கையால் நீவிவிட்டாள். எவ்வளவு மட்டமான மஞ்சள் என்று நினைத்துக்கொண்டே அதன்மேல் கன்னத்தை வைத்துச் சற்று நேரம் சாய்ந்திருந்தாள். பிறகு பச்சை விரிப்பு, காலண்டர், சூரியகாந்தி. ஜன்னல் போர்வைக்குத் தானே ஆணி அடித்தாள். தென்னை மரப் படத்தின் ஆணி பெயர்ந்து காரையும் கொஞ்சம் உதிர்ந்திருந்ததால், அதை நடைபாதையில் மாட்டலாம் என்று தூக்கிப் போனாள்.

அங்கே குழுத் தலைவர் கெங்கெஷ் ஒரு முக்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. வந்த நாளிலிருந்து அவர் இப்படிச் சுவரைப் பார்த்து உட்காருவதைச் சைகல் கவனித்திருந்தாள். தன்மேல் உள்ள கோபத்தைத்தான் அப்படிக் காட்டுகிறார் என்று நினைத்து ஒதுங்கியே போயிருந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் நகருறீங்களா? இந்தப் படத்த இங்க மாட்டிடறேன்."

"இங்க வேணாம்மா."

"ஏன்?"

"இந்தச் சுவத்த மட்டும் விட்டுடு." அவர் கண்ணைக் கசக்கினார். "பன்னெண்டு மணி நேரம் பனி வெளிச்சத்துல இருந்துட்டு வந்தா எதப் பாத்தாலும் கண்ணுக்குள்ள ஊசி குத்துது. அந்த மஞ்சளு, பச்சை, எதையும் பாக்க முடியல. இது ஒண்ணுதான் கண்ண விட்டு வைக்குது. நல்ல நிறம் புடிச்சிருக்க. எங்கேருந்து எடுத்த?"

"ஜூலையில, வெளிய இருக்கற கல்லுலேருந்து."

"அப்படியா? நாங்க அந்தக் கல்ல பாத்ததே இல்லையே. வரும்போதும் பனிக்கு அடியில இருக்கும், போகும்போதும் பனிக்கு அடியில இருக்கும்."

சைகல் படத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்கள்.

ஒன்பதாம் நாள் சாலை திறந்தது. முந்தின நாள் மாலை, எல்லோரும் முதல்முறையாக நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டபோது, சைகல் ஒரு கேள்வி கேட்டாள். இங்கே இருக்கிற எட்டு மாதத்தில் அவர்கள் எதைப் பார்க்க ஏங்குகிறார்கள்?

"குளிக்கச் சுடுதண்ணி வர்ற குழாயைப் பாக்க" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

தாலாய் என்ற வண்டிக்காரன் மட்டும் யோசித்துச் சொன்னான். "ஆகஸ்ட்ல புல்லு அறுத்துப் போடுவோம்ல, ரெண்டாம் நாள் சாயங்காலம் அது பச்சையும் இல்லாம மஞ்சளும் இல்லாம இருக்கும். அது."

"நீங்கக்கா?"

"சேறு" என்றாள் துர்சுனை.

"என்னது?"

"சேறுதான். ஏப்ரல் மாசம் எங்க ஊருல பனி உருகி வயலெல்லாம் கறுப்பாச் சேறாக் கிடக்கும். பூட்ஸ் உள்ள போனா வெளிய வராது. நான் எட்டு வருஷமா அதப் பாக்கல. மே மாசம் நான் இறங்கறதுக்குள்ள அது காஞ்சு தூசியாயிடுது."

போட்டிக்குச் சைகல் படம் அனுப்பவில்லை. ஏப்ரலில் பஸ் பிடித்து, துர்சுனையின் ஊருக்குப் போனாள். துர்சுனையின் தம்பி அவளை வயலுக்குக் கூட்டிப்போய்விட்டு, "பிஷ்கெக்ல சேறு தீந்துபோச்சா அக்கா?" என்று கேட்டான். ஜாம் பாட்டிலில் அள்ளிப்போன சேறு வீட்டுக்குப் போவதற்குள் காய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் வேறு நிறம். ஆகவே சாய டப்பாக்களோடு மறுபடி வந்து, வரப்பில் குந்தியபடியே கலந்தாள். கறுப்பில் கொஞ்சம் சிவப்பு, நினைத்ததைவிட அதிகமாக நீலம், அங்கங்கே முளைத்த புல்லுக்காக ஒரு துளிப் பச்சை. மூன்று நாள் ஆயிற்று. ஆகஸ்டில் தாலாயின் கிராமத்துக்குப் போய்ப் புல் அறுக்கும் இடத்தில் இதே மாதிரி உட்கார்ந்தாள். அறுப்பவர்கள் அவள் கையில் ஒரு முள்வாரியைக் கொடுத்து, சும்மா பார்ப்பவர்களுக்குக் கிமிஸ் கிடையாது என்றார்கள். வாரினாள், குதிரைப்பால் கிமிஸும் குடித்தாள், சரியான மாலை வரும்வரை காத்திருந்தாள்.

போன வருடம்தானே பூசினோம் என்று துறை அதிகாரி கேட்டார். தப்பாகப் பூசியதைத் திருத்தப் போகிறேன் என்று சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டு போனாள். உணவு மேசையைச் சுற்றிய சுவர்கள் புல் நிறமாயின. அடுப்பை ஒட்டிய நீளச் சுவர், ஈரம் மின்னும் கறுப்புப் பழுப்பு. ஜன்னலுக்குத் தடித்த திரை, வேண்டியவர் திறக்கலாம். நடைபாதையை அவள் தொடவில்லை.

அக்டோபரில் குழு ஏறியபோது அவளும் கூட இருந்தாள். துர்சுனை மூட்டையை இறக்கிவிட்டு அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு நீலமா இருக்காது" என்றாள்.

"இருக்கும்க்கா. நான் பாத்துத்தான் கலந்தேன்."

"நீ பாத்தே, சரி. நான் எட்டு வருஷத்துல மறந்திருப்பேன்." பிறகு உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டத் தொடங்கினாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எலுமிச்சை விரிப்பை எடுத்து வந்து, இது இங்கே சேருமா சேராதா என்று சைகலிடம் கேட்டாள். சேரும் என்றாள் சைகல். உண்மையில் சேரவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் சைகலுக்கு ஒரு பெரிய வேலை கைநழுவியது. பிஷ்கெக்கில் மாளிகை கட்டியிருந்த ஒருவரிடம், வீட்டில் எந்த மாதம் இருக்கவே பிடிக்காதோ அந்த மாதம் வந்து பார்க்கிறேன் என்று சொன்னாள். அவர் சிரித்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். நரின் நகரத்தில் வீட்டுக்கு அலங்காரம் கேட்ட பல் மருத்துவர் ஒருத்தி, பெயர் ஜிபார், இதையே கேட்டுச் சிரிக்கவில்லை. "நவம்பர்ல வாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னாடி போயிடும். அதுக்கப்புறம் எனக்கு வீட்டுக்குள்ள இருக்கவே பிடிக்காது" என்றாள்.

சைகல் போனாள். காலியான முன்னறையில், தேநீர்க் கோப்பையோடு தரையில் உட்கார்ந்தாள். ஜிபார் எதிரே மாவுப் பலகாரம் நிறைந்த தட்டை வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தாள். எதிர்மலையின் நிழல் தெருவைத் தாண்டி, ஜன்னல் சட்டத்தைத் தாண்டி, சுவரில் ஏறியது. அறை மங்கிக்கொண்டே வந்தது. ஜிபார் பழக்கத்தில் விளக்கைப் போட எழுந்தாள்.

"போடாதீங்க, கொஞ்சம் இருங்க" என்றாள் சைகல்.

"என்ன தெரியுது?"

"இன்னும் ஒண்ணும் தெரியல. நீங்க இந்த நேரத்துல வழக்கமா எங்க போய் உக்காருவீங்க?"

ஜிபார் தயங்கினாள். "குளியலறையில. அங்க ஜன்னல் இல்ல, இருட்டறது தெரியாது. சொன்னா சிரிப்பீங்க."

சைகல் சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "வாங்க, அங்கயே போய் உக்காரலாம்" என்றாள்.