நாலு மணிக்கு வந்த கூட்டம்

இங்கே சொல்லப்படுவது அத்தனையும் சத்தியம். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும்.

சங்கிலிமுத்து கட்டிலோரம் குனிந்து, தன் குரலை மாற்றி, மூன்றாவது ஆளாக நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். விருதுநகர் ஆஸ்பத்திரித் தீக்காய வார்டில் பார்வையாளர் நேரம் மாலை நான்கிலிருந்து ஆறு. பட்டாசுக் கம்பெனி வெடித்து ஆறு நாளாகிறது. அங்கே வேலை பார்த்த அவர் மனைவி சின்னத்தாய்க்குக் கண்ணிலும் கட்டு, கைகளிலும் கட்டு. தீபாவளி சீசன், லோடு ஏறுகிற நாளில் ஊரில் எவருக்கும் லீவு கிடையாது. ஆகவே ஊர் சார்பாக வந்து பார்க்கிற பொறுப்பு முழுவதும் சங்கிலிமுத்து தலையில் விழுந்தது. அவர் குரல் கரகரத்தால் மேஸ்திரி வேலுச்சாமி. மூக்கால் பேசினால் பக்கத்து வீட்டு முருகேஸ்வரி.

“ஆனைக்குட்டத்துலருந்து ரெண்டு பஸ்ஸு ஆளு வந்து நிக்குது தாயி,” என்றார் சொந்தக் குரலில். “ஊர்ல ஒரு ஈ காக்கா இல்ல. அணையில மீனெல்லாம் தலையத் தூக்கி, எங்க ஒருத்தரையும் காணோம்னு பாக்குதாம்.”

“கோளிய அடைச்சிட்டு வந்தாகளா?” என்று கேட்டாள் சின்னத்தாய்.

“அதுகளும் பஸ்ஸுலதான் வந்திருக்கு. டிக்கெட்டு எடுக்கலைன்னு கண்டக்டர் ஏசிக்கிட்டிருக்கான்.”

“என் தங்கச்சி வந்தாளா?”

அந்தக் குரல் மட்டும் சங்கிலிமுத்துவுக்கு வராது. திருத்தங்கல் அச்சாபீசில் வேலை பார்க்கிற செல்லத்தாய், ஒரு கல்யாணப் பந்தியில் அக்கா தன் இலைக்குப் பாயாசம் ஊற்றாமல் தாண்டிப் போனாள் என்று ஒன்பது வருடமாகப் பேச்சில்லாமல் இருப்பவள். ஆறு நாளில் முப்பது தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. காலையில் டாக்டர் அவர் தோளில் கை வைத்து, பார்க்க வேண்டியவர்களை இன்றைக்கே வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சங்கிலிமுத்து எழுந்து நர்ஸ் ஜெமிமாவிடம் போனார்.

“சிஸ்டர், ஒரு நிமிசம் நீங்க என் கொளுந்தியாளா இருக்கணும்.”

“நல்லாருக்கே அண்ணாச்சி. ஏசப்பா கேட்டா என்ன சொல்ல?”

“டூட்டி பாத்தேன்னு சொல்லுங்க.”

ஜெமிமா சிரிக்கவில்லை. கையிலிருந்த மருந்துத் தட்டை மேசையில் வைத்தாள்.

“அவுக எப்படிப் பேசுவாக?”

“பாதி அளுகை, பாதி ஏச்சு.” பாயாசக் கதையையும் சொன்னார்.

ஜெமிமா வந்து கட்டிலருகே குனிந்தாள். “யக்கா, நான் செல்லத்தாயி வந்திருக்கேன். நீ ஊத்தாட்டி என்ன, நானாவது கேட்டு வாங்கியிருக்கணும். அன்னிக்குன்னு எனக்கு வாயில்லாமப் போச்சு பாரு…” அவள் குரல் உடைந்தது. பள்ளிக்கூட நாடகத்தில்கூட நடித்ததில்லையாம்.

“பாயாசம் தீந்து போச்சுடி கிறுக்கி,” என்றாள் சின்னத்தாய். “வெறும் வாளியோட எப்படி நிப்பேன்? அதான் தாண்டிப் போனேன்.”

“இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?” என்றார் சங்கிலிமுத்து.



ஜெமிமா சின்னத்தாயின் கழுத்தோரம் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபது. சுற்றிவரத் திரையை இழுத்துவிட்டாள். டாக்டரைக் கூப்பிடப் போகுமுன், சங்கிலிமுத்து உட்கார ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினாள்.

பார்வையாளர் நேரம் நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது. சங்கிலிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். மேஸ்திரி மறுபடி வந்தார். முருகேஸ்வரி வந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுத்த ஆளுக்கு இடம் விட்டுப் போனார்கள்.

வெடிச் சத்தத்தில் சின்னத்தாயின் இரண்டு காதும் போய்விட்டன, நினைவும் இல்லை என்று முதல் நாளே கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. ஆறு நாளும் அதை மாற்றி எழுத வேண்டி வரவில்லை; சின்னத்தாயின் குரலும் சங்கிலிமுத்துவுக்கு நன்றாகவே வரும். அந்த ஷீட்டை அன்றைக்கே அவருக்குப் படித்துக் காட்டியது ஜெமிமாதான்.